டிஜிட்டல் ட்வின் வந்தால் கட்டடம் வெளிப்படையாகிவிடுமா?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த குறிப்பு இது. கட்டடங்களின் மின்சாரத் தரவோடு மல்லுக்கட்டுவது என் வேலை. அதனால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் "டிஜிட்டல் ட்வின்" என்ற பேச்சு வந்ததும், "நீங்கதான் சார் பார்த்துச் சொல்லணும்" என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஒரு நிறுவனம் மூன்று மாதம் இலவசமாகப் போட்டுக் காட்டுகிறோம் என்று வந்தது. பெயர் வேண்டாம். சம்ப், மேல்நிலைத் தொட்டி, பம்புகள், லிஃப்ட், ஜெனரேட்டர் என்று சுமார் 40 இடங்களில் சென்சார் மாட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் ஹவுஸில் பெரிய திரை வைத்து டெமோ. எங்கள் மூன்று பிளாக்கும் முப்பரிமாணத்தில் சுழன்றன. ஒரு பிளாக்கைத் தொட்டால் சுவர் கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே குழாய்கள் நீலமாகத் தெரிந்தன. சம்பில் 62 சதவீதம் தண்ணீர், பச்சை நிறத்தில். கைதட்டல். "இனிமே எல்லாமே ட்ரான்ஸ்பரன்ட்" என்றார் செயலாளர். மெயின்டனன்ஸ் கணக்கில் வருஷா வருஷம் சண்டை நடக்கும் இடத்தில் அந்த வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை.

பின்வரிசையில் நின்றுகொண்டிருந்த எங்கள் பிளம்பர் என் காதருகே வந்து, "சார், சம்புல தண்ணி முட்டிக்கால் அளவுகூட இல்ல. காலையிலயே லாரிக்குச் சொல்லிட்டேன்" என்றார்.

டெமோ முடிந்ததும் இருவரும் கீழே போய் மூடியைத் திறந்து பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. சென்சார் வயரை எலி கடித்து மூன்று நாளாகிவிட்டது. திரையில் இருந்தது மூன்று நாளுக்கு முந்தைய எண். நிறுவனத்துப் பையன் நல்ல பையன், மறைக்கவில்லை. "வேல்யூ வரலைன்னா கடைசியா வந்த வேல்யூவைக் காட்டும் சார். எல்லா இடத்துலயும் அப்படித்தான் செட் பண்ணுவோம். இல்லன்னா ஸ்க்ரீன்ல நிறைய கட்டம் காலியாத் தெரியும், கஸ்டமர் பயந்துடுவாங்க."

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முழுக்க அந்தப் பையன் சொன்ன வாக்கியத்தைப் பற்றித்தான். தரவு இல்லை என்ற தகவலையே மறைக்கும் ஒரு அமைப்பை எப்படி வெளிப்படைத்தன்மை என்கிறோம்?

முதலில் பெயரைப் பார்ப்போம். 1991ல் டேவிட் கெலர்ன்டர் என்ற கணினி அறிஞர் "மிரர் வேர்ல்ட்ஸ்" என்று ஒரு புத்தகம் எழுதினார். நாம் வாழும் ஊரும் நிறுவனங்களும் அப்படியே கணினிக்குள் பிரதிபலிக்கும் என்பது அதன் கற்பனை. 2002ல் மைக்கேல் கிரீவ்ஸ் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு பொருளின் முழு ஆயுளையும் நிர்வகிப்பது பற்றிப் பேசும்போது, அசல் பொருள், அதன் மெய்நிகர் நகல், இரண்டுக்கும் நடுவே ஓடும் தரவு என்று மூன்று பகுதிகளை வரைந்து காட்டினார். "டிஜிட்டல் ட்வின்" என்ற பெயர் 2010 வாக்கில் நாசாவின் ஜான் விக்கர்ஸ் வழியாக வந்தது. விண்கலத்துக்குள் போய் எட்டிப் பார்க்க முடியாது, அதனால் பூமியில் ஓர் இரட்டையை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை அங்கே மிகப் பொருத்தம்.

கட்டடத்துக்குள் எட்டிப் பார்க்க முடியும். மூடியைத் திறந்தால் போதும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2018ல் கிரிட்ஸிங்கரும் சகாக்களும் உற்பத்தித் துறையை வைத்து எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை இந்தப் பெயரை மூன்றாகப் பிரித்தது. தரவைக் கையால் ஏற்றினால் அது டிஜிட்டல் மாதிரி. அசலிலிருந்து நகலுக்குத் தரவு தானாக வந்தால் அது டிஜிட்டல் நிழல். நகலிலிருந்து அசலுக்கும் கட்டளை தானாகத் திரும்பிப் போனால்தான் ட்வின். அந்தப் பெயரில் வந்த கட்டுரைகளைப் பிரித்துப் பார்த்தபோது உண்மையான ட்வின்கள் சிறுபான்மைதான் என்று கண்டார்கள். கட்டட நிர்வாகத்தில் விற்கப்படுவதும் பெரும்பாலும் நிழல்தான். நிழல் என்றால் மட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் நிழலை இரட்டைப் பிள்ளை என்று விற்கும்போதே வெளிப்படைத்தன்மை முதல் அடி வாங்கிவிடுகிறது.

சரி, பெயரை விடுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

அலுவலகங்களில் காற்றோட்டத்தை அளக்க கார்பன் டை ஆக்சைடு சென்சார் வைப்பார்கள். மலிவான சென்சார்கள் நாளாக ஆக விலகிப்போகும். அதைச் சரிசெய்யப் பல சென்சார்களுக்குள் ஒரு தானியங்கி ஏற்பாடு உண்டு. சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொண்டு, "கட்டடம் காலியாக இருந்தபோது வெளிக்காற்று அளவுக்கு இறங்கியிருக்கும், ஆகவே இதுதான் சுமார் 400 பி.பி.எம்." என்று தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். இரவில் பூட்டிவிட்டுப் போகும் ஆபீசுக்கு இது சரி. 24 மணி நேரமும் ஆள் இருக்கும் ஆஸ்பத்திரி வார்டிலோ மூன்று ஷிஃப்ட் கால் சென்டரிலோ அந்த அனுமானமே தப்பு. அங்கே காற்று ஒருபோதும் 400க்கு இறங்கவே இறங்காது. சென்சார் மட்டும் இறங்கியதாக நினைத்துக்கொண்டு, எல்லா அளவையும் குறைத்துக் காட்டும். முப்பரிமாணப் படத்தில் அந்த அறை பச்சையாக இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தலை கனக்கும். "இந்த எண் எந்த அனுமானத்தில் வந்தது" என்று கேட்க அந்தத் திரையில் ஒரு பட்டன் இருந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது "கேலிபரேட்டட் மாடல்" என்ற முத்திரை. கட்டடத்தின் ஆற்றல் மாதிரி அசலோடு பொருந்துகிறதா என்று பார்க்க ஆஷ்ரே அமைப்பின் வழிகாட்டி 14ஐத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். அதில் மணிக்கணக்கிலான தரவுக்கு, மாதிரியின் எண்கள் அசலிலிருந்து சிதறும் அளவு 30 சதவீதம் வரை இருக்கலாம், மாதக்கணக்கில் என்றால் 15 சதவீதம் வரை. காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். மனிதர்கள் நடமாடும் கட்டடத்தை அதற்குமேல் துல்லியமாகக் கணிப்பது கஷ்டம். என் புகார் வழிகாட்டியின் மேல் இல்லை. பொறியாளருக்கு இந்த 30 தெரியும். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு திரையில் வரும் எண்ணைப் பார்த்து மின்கட்டணத்தைப் பங்கிடும் குடியிருப்போருக்குத் தெரியாது. பிழை எவ்வளவு என்பது ஒரு தரப்புக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

இதெல்லாம் தொழில்நுட்பக் குறை, அடுத்த வெர்ஷனில் சரியாகிவிடும் என்று சொல்லலாம். சொல்லவும் செய்கிறார்கள். அதனால் பெரிய உதாரணம் ஒன்றுக்குப் போகிறேன். கட்டடத் தகவல் இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்தில் இதைவிடக் கொடிய சாட்சி கிடையாது.

2017 ஜூன் 14ஆம் தேதி அதிகாலை லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்தது. 24 மாடி. நான்காம் மாடியில் ஒரு வீட்டுச் சமையலறையில் பிடித்த தீ, வெளிச்சுவரில் ஒட்டியிருந்த அலுமினியப் பலகைகள் வழியாக உச்சி வரை ஏறியது. பலகையின் நடுவில் இருந்தது பாலிஎத்திலீன். 72 பேர் இறந்தார்கள். முந்தைய ஆண்டுதான் புதுப்பிப்பு வேலை முடிந்து, கட்டடம் புதுசு மாதிரி பளபளவென்று நின்றது.

விசாரணைக் குழுவின் முதல் அறிக்கை 2019 அக்டோபரில் வந்தது. அதில் ஒரு விவரம் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. கட்டடத்தின் உள் அமைப்பைக் காட்டும் வரைபடம் தீயணைப்புப் படையிடம் சம்பவத்தின் பிற்பகுதி வரை இல்லை. ஆயிரம் சென்சார் கேட்கவில்லை. ஒவ்வொரு மாடியிலும் எந்த எண் வீடு எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு தாள். அவ்வளவுதான்.

அந்தத் தீக்குப் பிறகு டேம் ஜூடித் ஹேக்கிட் தலைமையில் நடந்த மறுஆய்வு 2018 மே மாதம் முடிந்தது. கட்டடத்தைப் பற்றிய பாதுகாப்புத் தகவல் வடிவமைப்பில் தொடங்கி, கட்டுமானம், குடியிருப்பு என்று கடைசி வரை அறுபடாமல் டிஜிட்டலாகத் தொடர வேண்டும் என்றது. "கோல்டன் த்ரெட்", பொன்னிழை, என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 2022ல் வந்த கட்டடப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் 18 மீட்டரோ ஏழு மாடியோ அதற்கு மேலோ உள்ள குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பொறுப்பாளர் யார் என்று ஒருவரைக் குறிப்பிட்டுச் சொல்லியாக வேண்டும். தகவலை வைத்திருப்பது அவர் கடமை. குடியிருப்போர் கேட்டால் பாதுகாப்பு விவரங்களைக் கொடுக்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து உயரமான கட்டடங்களின் வரைபடங்களைத் தீயணைப்புப் படைக்கு மின்னணு வடிவில் முன்கூட்டியே அனுப்ப வேண்டும், கட்டடத்திலும் ஒரு பாதுகாப்பான பெட்டியில் வைக்க வேண்டும்.

டிஜிட்டல் ட்வின் விற்பவர்கள் இந்த இடத்தில் உற்சாகமாகிவிடுகிறார்கள். "பாருங்க, பொன்னிழைன்னா ட்வின்தானே" என்கிறார்கள். பல கருத்தரங்கு ஸ்லைடுகளில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. என் கருத்து வேறுபாடு இங்கேதான்.

ஒரு கற்பனை செய்து பாருங்கள். 2016ல் கிரென்ஃபெல்லுக்கு முழுமையான டிஜிட்டல் ட்வின் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெளிச்சுவர்ப் பலகையைத் தொட்டால் என்ன காட்டியிருக்கும்? அதன் தீத்தடுப்புச் சான்றிதழைக் காட்டியிருக்கும். 2024 செப்டம்பரில் வந்த இறுதி அறிக்கை என்ன சொன்னது? அந்தப் பொருட்களைத் தயாரித்து விற்றவர்கள் சோதனைகளையும் முடிவுகளையும் பற்றிச் சந்தையை வேண்டுமென்றே தவறாக வழிநடத்தினார்கள் என்று சொன்னது. அப்படியானால் ட்வின்னில் அந்தச் சுவர் பச்சையாகத்தான் இருந்திருக்கும். பொய்யான சான்றிதழை ஒரு தாளில் படித்தால் யாருக்காவது சந்தேகம் வரலாம். அதே பொய், அழகான மாதிரியின் உள்ளே ஒரு பண்பாக உட்கார்ந்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

இன்னொன்று. அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சும்மா இருக்கவில்லை. தங்களுக்கென்று ஒரு வலைப்பதிவு நடத்தினார்கள். பெரிய உயிர்ச்சேதம் நடந்தால்தான் நிர்வாகம் கவனிக்கும் என்ற அச்சத்தை 2016 நவம்பரிலேயே, தீக்கு ஏழு மாதம் முன்பே, எழுதியிருந்தார்கள். அது தரவு இல்லையா? அது வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்தது. பதில் சொல்ல யாருக்கும் கடமை இல்லை. பொன்னிழையில் என்னைப் பொறுத்தவரை முக்கியமான பகுதி "டிஜிட்டல்" என்ற சொல்லில் கிடையாது. யார் பொறுப்பு, யார் கேட்கலாம், கேட்டால் பதில் சொல்லியாக வேண்டுமா என்ற மூன்று இடங்களில் இருக்கிறது.

இந்த விஷயத்தில் தரமாக யோசித்த ஓர் ஆவணம் உண்டு. 2018 டிசம்பரில் பிரிட்டனின் சென்டர் ஃபார் டிஜிட்டல் பில்ட் பிரிட்டன் வெளியிட்ட "ஜெமினி பிரின்சிபிள்ஸ்". டிஜிட்டல் ட்வின்கள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்பது கோட்பாடுகள். பொதுநன்மை முதல் இடத்தில் இருக்கிறது. திறந்த தன்மை, பாதுகாப்பு, தரம் மூன்றையும் "நம்பிக்கை" என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார்கள். படிக்கும்போது தலையாட்டத் தோன்றும். நானும் ஆட்டினேன். பிறகு மறுபடி படித்தபோது ஒன்று உறுத்தியது. திறந்த தன்மையும் பாதுகாப்பும் மோதும்போது யார் முடிவெடுப்பது? கோட்பாடு அதற்குப் பதில் சொல்லவில்லை. நடைமுறையில் கட்டடத்தின் உரிமையாளர் முடிவெடுப்பார். "செக்யூரிட்டி காரணம்" என்று சொல்லிவிட்டால் எந்தத் தரவையும் மூடிவிடலாம். எங்கள் குடியிருப்பிலேயே லாரித் தண்ணீர்க் கணக்கு கேட்டால் ஒரு காலத்தில் "அதெல்லாம் கமிட்டி விஷயம்" என்பார்கள். இப்போது "அந்த மாட்யூலுக்கு உங்க லாகின்ல ஆக்சஸ் இல்ல சார்" என்கிறார்கள்.

வெளிப்படை என்றால் யார் யாரைப் பார்ப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் "தி எட்ஜ்" என்ற அலுவலகக் கட்டடம். சுமார் 28,000 சென்சார்கள். பிரீயம் பசுமைத் தரமதிப்பீட்டில் 98.36 சதவீதம் வாங்கியது. ஊழியர்களுக்கு நிலையான மேசை கிடையாது, செயலி இடம் காட்டும், அவரவருக்குப் பிடித்த வெளிச்சமும் வெப்பமும் அதற்குத் தெரியும். பொறியியலாக எனக்கு இந்தக் கட்டடம் பிடிக்கும். ஆனால் கட்டடம் ஊழியரைப் பார்க்கும் அளவுக்கு ஊழியர் கட்டடத்தைப் பார்க்க முடியுமா என்று யோசித்தால் தயக்கம் வருகிறது. 2016 ஜனவரியில் லண்டனில் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகையாளர்கள் ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது மேசைகளுக்கு அடியில் சின்னப் பெட்டிகள் இருந்தன. ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று உடல் வெப்பத்தையும் அசைவையும் வைத்துக் கண்டுபிடிப்பவை. ஆற்றல் சிக்கனத்துக்கு என்றது நிர்வாகம். எதிர்ப்புக் கிளம்பி அன்றைக்கே கழற்றினார்கள். அங்கே தரவு நிறைய இருந்தது, ஒரே திசையில் ஓடியது.

ட்வின்னே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மேற்கு வளாகத்தில் ஒரு கட்டடத்தை வைத்து ஆய்வாளர்கள் செய்த வேலை நல்ல உதாரணம். குளிரூட்டல், சூடாக்கல் அமைப்பிலுள்ள பம்புகளின் அதிர்வுத் தரவை, அந்தப் பம்பு கட்டடத்தில் எங்கே இருக்கிறது, எதோடு இணைந்திருக்கிறது என்ற தகவலோடு சேர்த்து, பழுதின் அறிகுறியை முன்கூட்டியே பிடிக்கப் பார்த்தார்கள். பராமரிப்பு ஆளுக்கு இது வரம். ஆனால் இதற்கு நான் கொடுக்கும் பெயர் நல்ல பராமரிப்புக் கருவி. வெளிப்படைத்தன்மை வேறு சரக்கு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கக் கூடாது.

வெளிப்படைத்தன்மை நிஜமாக எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் ஆஸ்திரேலியாவைக் காட்டுவேன். அங்கே "நேபர்ஸ்" என்று ஒரு மதிப்பீட்டு முறை 1990களின் இறுதியில் நியூ சவுத் வேல்ஸில் தொடங்கியது. ஒரு கட்டடம் எப்படி வடிவமைக்கப்பட்டது என்று அது கேட்பதில்லை. 12 மாத மீட்டர் ரீடிங்கைக் கொண்டு வா என்கிறது. அங்கீகாரம் பெற்ற ஒரு மதிப்பீட்டாளர் பில்லையும் மீட்டரையும் சரிபார்த்து, ஆறு வரை நட்சத்திரம் கொடுப்பார். அடுத்த வருஷம் மறுபடி எடுக்க வேண்டும். கட்டட உரிமையாளரின் பொறுப்பில் உள்ள பொது அமைப்புகள் தனி, வாடகைதாரரின் விளக்கும் கணினியும் தனி என்று பிரித்திருப்பது இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். யார் செலவழித்தது என்று ஒருவர் மேல் ஒருவர் பழி போட முடியாது. 2010லிருந்து பெரிய அலுவலகங்களை விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் செய்தால் அந்த நட்சத்திரத்தையும் போட்டாக வேண்டும் என்று சட்டம் வந்தது. முதலில் 2,000 சதுர மீட்டர், 2017லிருந்து 1,000 சதுர மீட்டர்.

நியூயார்க் இன்னொரு வழி. 2009ல் வந்த உள்ளூர்ச் சட்டம் 84 பெரிய கட்டடங்கள் வருடாந்திர ஆற்றல் பயன்பாட்டை நகரத்துக்குச் சொல்ல வேண்டும் என்றது. அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 2020லிருந்து அதையே எழுத்துக் கிரேடாக்கி, வாசலில் ஒட்ட வேண்டும். ஏ, பி, சி, டி என்று போகும். தரவே சமர்ப்பிக்காத கட்டடத்துக்கு எஃப்.

இதை அந்த டெமோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தரவு வராத சம்புக்குப் பச்சை. இங்கே தரவு தராத கட்டடத்துக்கு எஃப், அதுவும் வாசலில். இவர்கள் பயன்படுத்தும் தொழில்நுட்பம் மீட்டரும் காகிதமும்தான்.

இந்த முறைகளுக்கும் குறை உண்டு. ஒரே எண்ணில் கட்டடத்தை அடக்கினால் நிறைய விஷயம் மறைந்துபோகும். இரவு பகலாகக் கணினிகள் ஓடும் நிதி நிறுவனம் குடியிருக்கும் கட்டடமும் பாதி காலியாகக் கிடக்கும் கட்டடமும் நியூயார்க்கில் ஒரே தராசில் ஏறுவது நியாயமில்லை என்று உரிமையாளர்கள் வாதிடுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், எண் வாசலில் இருப்பதால்தான் இந்த வாதமே நடக்கிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் எண்ணை எதிர்த்து யாரும் வாதாட முடியாது, ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை.

எங்கள் கதைக்குத் திரும்புகிறேன். நிறுவனம் ஆண்டுச் சந்தாவுக்கு ஒப்பந்தம் நீட்டியது. மாதிரியை எதை வைத்து வரைந்தீர்கள் என்று கேட்டேன். பில்டர் தந்த விற்பனை பிளானை வைத்து என்றார்கள். கட்டி முடித்த பின் உள்ளது உள்ளபடி வரைந்த வரைபடம் எங்களிடமே இல்லை. 2016 ரெரா சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, உள்ளூர்ச் சட்டம் வேறு சொல்லாதபட்சத்தில், நிறைவுச் சான்று கிடைத்த 30 நாளுக்குள் பில்டர் ஆவணங்களையும் வரைபடங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். எங்களுக்கு வந்தது ஒரு கட்டு ஜெராக்ஸ். அதைச் சங்கம் கடுமையாகக் கேட்டு வாங்கவும் இல்லை. ஆக திரையில் நீலமாக ஓடிய குழாய்கள் யூகம். சி பிளாக்கின் தீயணைப்பு வால்வு மாதிரியில் படிக்கட்டுக்கு இடப்பக்கம் இருக்கிறது. அசலில் அது ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், ஒரு பழைய சைக்கிளுக்கு மறைவில். கிரென்ஃபெல் பற்றி மேலே எழுதியதெல்லாம் அந்த வால்வைத் தேடிக் கண்டுபிடித்த அன்று இரவு படித்தவை.

சங்கத்துக்கு ஐந்து நிபந்தனைகள் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, தரவு வராத இடத்தில் கட்டம் காலியாகவும், கடைசியாக வந்த நேரத்தோடும் தெரிய வேண்டும். இரண்டு, ஒவ்வொரு எண்ணும் அளந்ததா, கணக்கிட்டதா, யூகித்ததா என்று பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மூன்று, எல்லா வீட்டுக்காரருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் ஒரே லாகின், கமிட்டிக்குத் தனித் திரை கூடாது. யார் எப்போது வீட்டில் இருந்தார் என்று காட்டக்கூடிய தனி வீட்டுத் தரவு மட்டும் அந்தந்த வீட்டோடு நிற்க வேண்டும். நான்கு, ஒப்பந்தம் முடிந்தால் முழுத் தரவும் சாதாரண அட்டவணைக் கோப்பாக எங்களிடம் வர வேண்டும். ஐந்து, யாராவது ஓர் எண்ணைப் பற்றிக் கேள்வி எழுப்பினால் ஏழு நாளுக்குள் யார் பதில் சொல்வார் என்று ஒரு பெயர் வேண்டும்.

நிறுவனம் இரண்டாவதையும் நான்காவதையும் ஒப்புக்கொண்டது, முதலாவதுக்கு "அடுத்த ரிலீஸில் பார்க்கிறோம்" என்றது. மூன்றாவதையும் ஐந்தாவதையும் மறுத்தது நிறுவனம் இல்லை. எங்கள் கமிட்டி. "எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சா தினமும் வாட்ஸ்அப்ல பஞ்சாயத்துதான் சார்" என்றார் அதே செயலாளர். கெட்ட மனிதர் இல்லை, ஓய்வுபெற்ற பிறகு சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்பவர். அவர் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு பதிலில் நான் மூன்று மாதம் தேடியது கிடைத்துவிட்டது. தடை சென்சாரில் இருக்கவே இல்லை.

முடிவு தள்ளிப்போனது. அதற்குள் ஒரு சின்ன வேலை செய்தோம். பம்பு ஆபரேட்டர் எட்டு வருஷமாக ஒரு நோட்டில் தினமும் சம்பு மட்டம், லாரி எண்ணிக்கை, ஜெனரேட்டர் ஓடிய நேரம் மூன்றையும் எழுதி வருகிறார். யாரும் அதைக் கேட்டதே இல்லை. அதிலிருந்து தினமும் மூன்று எண்களை லிஃப்ட் பக்கத்துப் பலகையில் சாக்பீஸால் எழுதச் சொன்னோம். அவர் வராத நாளில் கோடு போட்டு விட்டுவிடுவார். இரண்டாவது வாரம் மூன்றாம் மாடிப் பாட்டி ஒருவர், "வெளியூர் போற லீவு நாள்லகூட லாரி குறையவே இல்லையே, ஏன்?" என்று கேட்டார். தேடிப்போனதில் பி பிளாக் மேல்நிலைத் தொட்டியின் மிதவை வால்வு பழுதாகி, தண்ணீர் நேராக மழைநீர்க் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தொட்டியிலும் ஒரு சென்சார் இருக்கிறது. தொட்டி எப்போதும் நிறைந்தே இருந்ததால் அது 100 சதவீதம் என்று சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த பொதுக்குழுவில் மூன்றாவது, ஐந்தாவது நிபந்தனைகள் மறுபடி வாக்கெடுப்புக்கு வருகின்றன. இந்த முறை முன்மொழிவது அந்தப் பாட்டி. உங்கள் குடியிருப்பிலோ ஆபீசிலோ இப்படி ஒரு திரை வந்தால், படத்தைச் சுழற்றிப் பார்ப்பதற்கு முன் ஒரு வயரைக் கழற்றிவிட்டு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். என்ன ஆச்சு என்று எனக்கும் எழுதுங்கள்.